வெள்ளிக்கு உரியவர் உண்டு

இலண்டன் மாநகரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு மே திங்கள் 8ஆம் நாள் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு வெள்ளியைப் பற்றியது. இந்தியப் பெருங்கடலின் அடியில், இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், எழுபத்தைந்து ஆண்டுக் காலம் இருளில் கிடந்த 2,364 வெள்ளிக் கட்டிகளை 2017இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி மேலே கொண்டு வந்தது. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் பவுன் என்றார்கள். கட்டிகள் தென்னாப்பிரிக்க அரசுக்கு உரியவை. நாணயம் அடிப்பதற்காக 1942இல் வாங்கப்பட்டவை. மீட்டவர்கள் தமக்குரிய கூலியைக் கேட்டார்கள். ‘நாங்கள் அரசு, எங்கள் உடைமையின் மேல் அயல்நாட்டில் வழக்கு நில்லாது’ என்றது தென்னாப்பிரிக்கா.

சட்டத்தின் நுட்பம் கேளுங்கள். ஓர் அரசின் சரக்கு வாணிகக் காரியத்துக்குப் ‘பயன்பட்டுக் கொண்டிருந்தால்’தான் இத்தகைய வழக்கு செல்லும். கப்பலின் வயிற்றில் அசையாமல் அடுக்கிக் கிடந்த வெள்ளி, அப்போது பயன்பட்டுக் கொண்டிருந்ததா, இல்லையா? ஆம் என்றது உயர் நீதிமன்றம். ஆம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இல்லை, அது வெறுமனே ஏற்றிச் செல்லப்பட்டது என்றது உச்ச நீதிமன்றம். மூன்று நீதிமன்றங்கள், ஆண்டுக் கணக்கில் வாதம், பக்கம் பக்கமாகத் தீர்ப்பு. வெள்ளிக்கு உரியவர் யார் என்பதைப் பற்றி மட்டும் எவருக்கும் ஐயமே எழவில்லை.

அந்த வெள்ளி ஏறியது நம் துறைமுகத்தில். அதே கப்பலில் மனிதர்களும் ஏறினார்கள். மாணவ நண்பர்களே, நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி.

கப்பலின் பெயர் ‘திலாவா’. 1924இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. பத்தாயிரம் டன் கொண்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. 1942 நவம்பர் 20ஆம் நாள் பம்பாயை விட்டு மொம்பாசா, டர்பன் முதலிய துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. பயணிகள் 732 பேர், மாலுமிகள் 222 பேர், பீரங்கிக்காரர் நால்வர். ஆக 958 உயிர்கள். ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்தவர், அங்கே வேலைக்குப் போகிறவர், கணவனிடம் செல்லும் மனைவி, மடியில் குழந்தை என்று குடும்பம் குடும்பமாக ஏறியவர்கள். குஜராத்திகள் மிகுதி. கப்பலின் மேல்தளத்தில் பாயும் படுக்கையும் விரித்துப் பயணம் செய்த ‘டெக்’ பயணிகளே அந்நாளைய கப்பல்களில் பெருங்கூட்டம் என்பதை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போய்வந்த பாட்டனார் உள்ள வீட்டில் பிறந்தவர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

நவம்பர் 23, விடியலுக்கு முந்தைய இருள். சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே தொள்ளாயிரம் மைலுக்கும் அப்பால், நடுக்கடலில், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்ப்பிடோ கப்பலைத் தாக்கியது. உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். நெரிசலிலேயே பலர் மாண்டனர். அடிபட்ட கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. தப்பிவிடும் என்று நம்பிக்கை பிறக்கும் அளவுக்கு மிதந்து நின்றது. சிறிது நேரம் சென்றபின் இரண்டாம் டார்ப்பிடோ பாய்ந்தது. அதன்பின் கப்பல் நிற்கவில்லை.

படகுகளிலும் மிதவைகளிலும் இரண்டு நாள் கிடந்தவர்களை நவம்பர் 25ஆம் நாள் ‘பர்மிங்காம்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்டெடுத்தது. 674 பேரை அது மீட்டது. இன்னொரு கப்பல் நான்கு பேரை மீட்டது. 27ஆம் நாள் அவர்கள் மீண்டும் பம்பாயில் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு வழியனுப்ப வந்த உறவினர்கள் அதே துறைமுகத்துக்கு மறுபடியும் வந்து, இறங்குகிறவர்களின் முகங்களைத் தேடி நின்றிருப்பார்கள். 280 முகங்கள் இறங்கவில்லை.

இந்தச் செய்தியை நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்தவுடன், “அதில் தமிழர் எவரேனும் உண்டா?” என்றார்.

கெட்ட எண்ணத்தில் கேட்டவரல்லர். தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை எழுதுகிறவன் தமிழரைப் பற்றித்தானே எழுத வேண்டும் என்ற நியாயத்தில் கேட்டார். தமிழர் இருந்தனர் என்று நிறுவிவிட்டால் கட்டுரைக்கு ஓர் உரிமைச் சீட்டுக் கிடைத்துவிடும். இல்லையென்றால் அது குஜராத்திச் சங்கத்தார் எழுத வேண்டிய விஷயம். நான் அந்தச் சீட்டைத் தேடப் போவதில்லை. ஏனெனில் அந்தக் கேள்விதான் இந்த 280 பேரை எண்பது ஆண்டுகளாக மூழ்கடித்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு கூட்டத்தாரும் ‘நம்மவர் உண்டா, நம் கதைக்கு உதவுமா’ என்று பார்த்தார்கள். எவர் கதைக்கும் அது உதவவில்லை.

எப்படி உதவவில்லை என்று பாருங்கள்.

முதலில் அந்தக் கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்றவுடன் தமிழன் காதில் ஒலிக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரனார் எதிர்த்து நின்றது இந்தக் கம்பெனியைத்தான். கப்பல் வாங்க அவர் வந்ததும் இந்தப் பம்பாய்க்குத்தான். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. கட்டணத்தைக் குறைத்தும், பின்னர் கட்டணமே இல்லையென்றும், ஏறுகிறவர்க்குக் குடை இனாம் என்றும் சொல்லி அவரை முறிக்கப் பார்த்தார்கள். முறியாதபோது அரசாங்கம் துணைக்கு வந்தது. 1908இல் சிறை, செக்கு, 1912இன் இறுதியில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. இக்கதை நம் மேடைகளில் முழங்காத ஆண்டு இல்லை. ஆகவே, அந்தக் கம்பெனியின் கப்பல் ஒன்று மூழ்கியது என்றால் நமக்குக் கண்ணீர் வருமா?

வர வேண்டும் என்கிறேன். வ. உ. சி. தோற்றதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? கடல் கடக்க விரும்பிய இந்தியன் ஒவ்வொருவனும் அந்நியன் கப்பலில்தான் ஏற வேண்டியதாயிற்று. பம்பாயில் 1919இல் சிந்தியாக் கம்பெனி பிறந்தது. ஆனால் 1923இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் அது இந்தியக் கரையோர வாணிகத்துக்குள் அடைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய இந்தியனுக்குச் சுதேசிக் கப்பல் ஏது? டர்பன் என்பது நமக்கு அயலூரும் அன்று. 1860 முதல் 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். தில்லையாடி வள்ளியம்மையின் நாடு அது. திலாவா சென்றுகொண்டிருந்த திசையில் நம் உறவினர் வாழ்ந்தனர், வாழ்கின்றனர். குஜராத்திச் சங்கத்துக்கு விட்டுவிடக் கூடிய விஷயம் அன்று இது.

அடுத்தது, இதனினும் கடினமானது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள்.

திலாவாவை மூழ்கடித்த நீர்மூழ்கியின் பெயர் ஐ-29. ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரல் 28ஆம் நாள், மடகாஸ்கர் தீவுக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியும் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கியும் சந்தித்தன. ஜெர்மன் கப்பலிலிருந்து ஒரு ரப்பர்ப் படகில் இருவர் இறங்கி, அலைகளில் நனைந்து, ஜப்பானியக் கப்பலில் ஏறினர். ஒருவர் அபித் ஹஸன். மற்றவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவர்களை ஏற்றிக்கொண்டு சுமத்திராவுக்கு அருகேயுள்ள சபாங் தீவில் மே மாதத் தொடக்கத்தில் இறக்கிய அந்தக் கப்பல், அதே ஐ-29.

இந்திய தேசிய இராணுவத்தில் தமிழர் எத்தனை பேர் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். மலேயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் பெருமையில் ஓர் அணுவும் குறையத் தேவையில்லை. தம்மை ஏற்றிச் செல்லும் கப்பல் முன்பு யாரைக் கொன்றது என்பதை நேதாஜியிடம் எவரும் சொல்லியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நாம் அறிந்துவிட்டோம். அறிந்த பின்னும் ஒரு பாதியை மட்டும் சொல்வது நேர்மையா? “நேதாஜி ஏறிய கப்பலையா பழிக்கிறாய்?” என்கிறார் மற்றொரு நண்பர். நான் பழிக்கவில்லை. ஒரே கப்பல், ஒரே கடல். ஓர் ஏட்டில் அது விடுதலையின் வாகனம். மற்றோர் ஏட்டில் அது 280 பயணிகள், மாலுமிகளின் கூற்றுவன். இரண்டு ஏடும் நம்முடையவையே என்றுதான் சொல்கிறேன். நெஞ்சில் இரண்டும் சேர்ந்து தங்குவது கடினம். தங்கட்டும், கல்லூரியில் படிக்கிறவர்களின் நெஞ்சு அதற்குக்கூட இடம் தராவிட்டால் வேறு எங்கே இடம்?

ஐ-29க்கும் நீண்ட ஆயுள் இல்லை. 1944 ஜூலை 26ஆம் நாள் பிலிப்பைன்ஸுக்கு வடக்கே ஓர் அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது.

வேறு சிலர், ‘போர் என்றால் அப்படித்தான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். அப்படித்தானா? 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ‘எம்டன்’ கப்பலை நாம் மறக்கவே இல்லை. ‘அவன் எம்டனடா’ என்று இன்றும் வீட்டில் கண்டிப்பான தாத்தாவுக்குப் பட்டம் சூட்டுகிறோம். அந்த எம்டன் இந்துமாக்கடலில் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்ததும் உண்மை. மூழ்கடிக்கும் முன் அவற்றிலிருந்த மாலுமிகளை இறக்கிவிட்டதும் உண்மை. பகைவர்களே அதன் தலைவனைப் பாராட்டினார்கள். அதுதான் பழைய கடல் தருமம். நீர்மூழ்கிகளும் அந்தத் தருமத்துக்குக் கட்டுப்பட வேண்டும், கப்பலில் உள்ளோரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பின்னரே வணிகக் கப்பலை மூழ்கடிக்கலாம் என்று 1936இல் இலண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜப்பானும் கையெழுத்திட்டது, ஜெர்மனியும் சேர்ந்துகொண்டது. மை உலர்ந்து சில ஆண்டுகள்தாம். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அன்றே அமெரிக்கா தன் நீர்மூழ்கிகளுக்குத் தடையற்ற போருக்கு ஆணையிட்டது. 1944 செப்டம்பரில் ‘ஜுன்யோ மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. உள்ளே அடைபட்டிருந்தவர்கள் போர்க்கைதிகளும் ஜாவாத் தொழிலாளரும். 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு மேலே வந்து எச்சரிக்கை கொடுக்கும் நீர்மூழ்கி, பீரங்கி பூட்டிய வணிகக் கப்பலுக்கு எளிய இரை. திலாவாவில் பீரங்கி இருந்தது. நால்வர் அதற்கென்றே இருந்தனர். கம்பியில்லாத் தந்தி இருந்தது. போரிடும் நாட்டுக்குரிய வெள்ளி அறுபது டன் இருந்தது. ஆகவே முதல் டார்ப்பிடோவை விட்டவனின் கணக்கு எனக்கு ஒருவாறு புரிகிறது. இரண்டாவது டார்ப்பிடோவுக்கும் முதலாவதற்கும் இடையே, படகுகள் இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கடலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனின் கணக்குத்தான் எனக்குப் புரியவில்லை. எரியாத கப்பலில் 732 பயணிகள் இருந்தது அவனுக்குத் தெரிந்திராமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய கடமையை நீக்கியதே புதிய போர்முறை செய்த புண்ணியம்.

இனி இந்நகரத்துக்கு வருவோம். 1944 ஏப்ரல் 14ஆம் நாள் விக்டோரியா டாக்கில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் வெடித்ததை மும்பைவாசிகள் அறிவார்கள். அன்று உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாகப் போற்றப்படுகிறது. மிகவும் தகும். திலாவாவின் நாளை எவர் அறிவார்? 1942 நவம்பர் என்றால் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறி மூன்று மாதம்; தலைவர்கள் சிறையில். யுத்தத் தணிக்கை கப்பல் செய்திகளின் மேல் கை வைத்திருந்த காலம். ஆளுகிறவனுக்குத் தன் கப்பல் போனதைப் பறைசாற்ற விருப்பமில்லை. ஆளப்பட்டவனுக்கு அதற்கு நேரமில்லை. குடும்பங்கள் மட்டும் நினைவு வைத்திருந்தன. எண்பது ஆண்டு நிறைவில், 2022 நவம்பர் 23 அன்று, மும்பையில் அக்குடும்பத்தார் கூடி நினைவு கூர்ந்தார்கள். அரசாங்கம் கூட்டிய கூட்டமன்று. பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக் கூட்டியது.

பெயர்கள் எங்கே என்று கேட்டால் ஒரு பாதிப் பதில் உண்டு. இலண்டனில் டவர் ஹில் என்னுமிடத்தில், உலகப் போர்களில் கடலில் மாண்ட பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களைக் கப்பல் கப்பலாக வெண்கலப் பலகைகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதே கப்பலில், அதே டார்ப்பிடோவில், வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு மாண்ட இந்திய மாலுமிக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் 6,400க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஓர் ஏட்டில் எழுதப்பட்டன. ஒரு படி சிட்டகாங்கில். ஒரு படி இந்த மும்பையில், மஸ்ஜித் பந்தர்ப் பக்கம் டிமெல்லோ சாலையிலுள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில். அங்கே வெண்கலம், இங்கே காகிதம் என்று நான் மனக்குறைப்படவில்லை. காகிதத்தையாவது நாம் புரட்டிப் பார்த்தோமா? கப்பலோட்டிய தமிழனுக்கு விழா எடுக்கும் நாம், கப்பலில் உழைத்துச் செத்த இந்தியர்களின் பெயரேடு நாலைந்து ரயில் நிலையங்களுக்கு அப்பால் இருப்பதை அறியாமல் பட்டமும் வாங்கி ஊருக்கும் போய்விடுகிறோம்.

பாதிப் பதில் என்றேனே, ஏன்? அந்த ஏடு மாலுமிகளுக்கு உரியது. திலாவாவில் மாண்ட மாலுமிகள் 28 பேர். மற்ற 252 பேர் பயணிகள். சீட்டு வாங்கி ஏறியவர்களுக்கு எந்த அரசும் ஏடு திறக்கவில்லை. அவர்கள் எந்தப் படையிலும் இல்லை. எந்தக் கொடியின் கீழும் போரிடவில்லை. எந்தக் கட்சிக்கும் தியாகியாக மாட்டார்கள். வெள்ளிக் கட்டிக்கு ஏற்றுமதிப் பத்திரம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, வாங்கியவர் இருந்தார். ஆகவே முக்கால் நூற்றாண்டு கழித்தும் அதற்காக வாதாட வக்கீல்கள் வந்தார்கள்.

நம் சங்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்குச் சிறிதாக ஒன்று சொல்கிறேன். பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். தீர்மானம் போடுவதில் நமக்கு ஏற்கனவே நல்ல பழக்கம் உண்டு. நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விழா ஒத்திகைக்கு முன்னால், பத்துப் பேர் கிளம்பலாம். மாதுங்காவில் இருப்பவர் மாதுங்காவில், தாராவியில் இருப்பவர் சயானில், செம்பூரில் இருப்பவர் செம்பூரில் ரயில் ஏறட்டும். எல்லா வண்டியும் மஸ்ஜித் நிலையத்துக்கு வரும். முன்கூட்டி அனுமதி கேட்டு எழுதுவது முறை. கடிதம் எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பார்த்து எழுதிவரும் பெயர்களை அடுத்த மலரில் அச்சிட வேண்டும், தமிழ்ப் பெயர் என்று பொறுக்காமல், இருக்கிறபடியே. குஜராத்தி நண்பர்களின் சங்கத்தையும் அழைப்போம்; பயணிகளின் பெயர் நம்மைவிட அவர்கள் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கும். அச்சுச் செலவுக்கு ஒரு பக்க விளம்பரம் குறைந்தால் போதும் என்று மலர்க்குழுவில் உள்ளவர் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்.